அறுவை சிகிச்சையா, நேரடியாக இக்சியா? அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: அம்பை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 34, என் மனைவிக்கு 29. எங்களுக்குத் திருமணமாகி ஐந்து ஆண்டுகள் நிறைந்துவிட்டன. இன்னும் குழந்தை இல்லை. அம்பாசமுத்திரத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஓர் இனிப்புக் கடை இருக்கிறது. கடையின் பின்கட்டில் அடுப்படியில் நின்று அல்வா கிண்டும் வேலையை பதினைந்து ஆண்டுகளாக நான்தான் பார்த்து வருகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஐந்து ஆண்டுகளில் என் மனைவிக்கு ஸ்கேன் பலமுறை எடுத்தார்கள். கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்திப் பார்க்கும் எக்ஸ்ரே ஒருமுறை எடுத்தார்கள். வயிற்றில் துளையிட்டு லேப்ராஸ்கோப்பியும் செய்தார்கள். எல்லாமே இயல்பாகத்தான் இருந்தன. ‘சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்’ என்று என் அம்மா சொன்னதற்காக அவள் மூன்று ஆண்டுகள் திருச்செந்தூர் முருகனுக்குக் கந்த சஷ்டி விரதமும் இருந்தாள். அத்தனையும் முடிந்த பிறகுதான், சென்ற மாதம் முதன்முறையாக எனக்கு விந்துப் பரிசோதனை எடுத்தார்கள். நானே முன்வந்து எடுத்திருக்க வேண்டும். எடுக்காமல் இருந்ததற்கு வெட்கத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

பரிசோதனையில் ஒரு மில்லிலிட்டருக்கு 60 லட்சம் விந்தணுக்கள் மட்டுமே இருப்பதாகவும், அவற்றில் அசைபவை 15 சதவீதம் என்றும் வந்தது. டாப்ளர் ஸ்கேனில் இடது பக்கம் வேரிகோசீல் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள்; விரைப்பையில் நரம்புச் சுருட்டல் என்று விளக்கினார்கள். எனக்கு வலி எதுவும் இல்லை. நின்று வேலை செய்து முடிக்கும் மாலை வேளைகளில் மட்டும் அந்தப் பக்கம் சற்றுப் பாரமாக இருக்கும். தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லை.

திருநெல்வேலியில் நாங்கள் பார்த்த கருத்தரிப்பு மையத்தில், ‘இந்த எண்ணிக்கைக்கு அறுவை சிகிச்சையெல்லாம் வீண், அடுத்த மாதமே இக்சி (ஒரு விந்தணுவை எடுத்துக் கருமுட்டைக்குள் செலுத்திக் கருவாக்கும் முறை) செய்துவிடலாம்’ என்றார்கள். வேறொரு மருத்துவர், ‘வேரிகோசீலைச் சரிசெய்துவிட்டுச் சில மாதங்கள் பொறுத்துப் பாருங்கள்’ என்கிறார். ஆக்சிஜனேற்றத் தடுப்பு (ஆன்டிஆக்சிடன்ட்) மாத்திரைகள் என்று மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் செலவாகிறது. இவை போதாதென்று, எங்கள் ஊர் உடற்பயிற்சிக் கூடத்தில் பழக்கமான ஒருவர், ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டால் எண்ணிக்கை தானாக ஏறிவிடும் என்று சொல்கிறார். அம்மாவும் தெரிந்தவர் மூலமாக ஒரு லேகியம் வாங்கி வைத்திருக்கிறார்.

இவற்றில் எந்த வழியில் போவது என்று தெரியாமல் நிற்கிறேன். விவரம் அறிந்தவர்கள் காரணத்தோடு சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பர், பாளையங்கோட்டை

தம்பி, முப்பது ஆண்டுகள் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து இதே பரிசோதனையைச் செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவர்கள் சொல்லட்டும். அதற்கு முன்னால், உங்கள் கையில் உள்ள அறிக்கை எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதைப் பார்க்க வேண்டும். மூன்று விவரங்களைத் தெரிவியுங்கள்: மாதிரியை எங்கே சேகரித்தீர்கள், அதற்கு முன் விந்து வெளியேறாமல் எத்தனை நாட்கள் விலகியிருந்தீர்கள், அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் காய்ச்சல் ஏதேனும் வந்ததா?

அம்பை வாசகர்

ஐயா, ஆய்வகத்தில் இருந்த கழிவறையில் என்னால் முடியவில்லை. ஆகவே மறுநாள் வீட்டிலேயே சேகரித்து, அம்பையிலிருந்து பேருந்தில் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டைக்குக் கொண்டு சென்றேன். கொடுத்தபோது ஒன்றரை மணி நேரம் கடந்திருக்கும். எண்ணிக்கை கூடுதலாக இருக்கட்டும் என்று பத்து நாட்கள் விலகியிருந்தேன். பரிசோதனைக்கு ஒன்றரை மாதம் முன்பு ஒரு வாரம் கடுமையான காய்ச்சலில் படுத்திருந்தேன். இதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பர், பாளையங்கோட்டை

நான் சந்தேகப்பட்டது சரியாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் இந்தப் பரிசோதனைக்கென 1980 முதல் ஒரு கையேட்டை வெளியிட்டு வருகிறது. அதன் ஆறாம் பதிப்பு 2021இல் வந்தது. இரண்டு முதல் ஏழு நாட்கள் வரை விலகியிருக்க வேண்டும், முடிந்தால் ஆய்வகத்துக்கு அருகிலேயே சேகரிக்க வேண்டும், வீட்டில் சேகரித்தால் உடல் வெப்பத்தை ஒட்டிய சூட்டில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பவை இந்தத் துறையில் அடிப்படை விதிகள். நீங்கள் ஒன்றரை மணி நேரம் கழித்துக் கொடுத்திருக்கிறீர்கள். பத்து நாள் விலகலும் விந்தணுக்களின் அசைவைக் குறைக்கும். எனவே 15 சதவீதம் என்ற அந்த அசைவுக் கணக்கை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

எண்ணிக்கையின் கதை வேறு. பேருந்துப் பயணத்தால் விந்தணுக்கள் அசைவை இழக்குமே தவிர, எண்ணிக்கையில் குறைந்துவிடாது. நெடுநாள் விலகியிருந்தால் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். அப்படியும் 60 லட்சம்தான் வந்திருக்கிறது என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் விந்தணு ஒன்று விரைக்குள் உருவாகி முடிய ஏறத்தாழ 72 முதல் 74 நாட்கள் ஆகும். அது வெளிவர மேலும் ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். அந்தக் காலத்துக்குள் கடும் காய்ச்சல் வந்திருந்தால் அதன் தழும்பு அறிக்கையில் தெரியும். காய்ச்சல் விட்ட நாளிலிருந்து மூன்று மாதங்கள் முழுமையாகக் கழித்து, மூன்று அல்லது நான்கு நாள் விலகலோடு, சில வார இடைவெளியில் இருமுறை பரிசோதியுங்கள். ஆய்வகத்தில் சங்கடமாக இருந்தால் பாளையங்கோட்டையிலோ திருநெல்வேலி சந்திப்புப் பக்கத்திலோ உறவினர் வீடு ஏதேனும் இருந்தால் அங்கிருந்து கொண்டு வாருங்கள். ஒரு துளிகூடச் சிந்தாமல் சேகரிக்க வேண்டும், குறிப்பாக முதலில் வரும் பகுதியை. விந்தணுக்கள் மிகுதியாக இருப்பது அதில்தான். அது தவறிப்போனால் எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து காட்டும்.

அறிக்கையின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அளவுகளைப் பற்றியும் ஒரு சொல். மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம், மொத்த அசைவு 42 சதவீதம், இயல்பான வடிவம் 4 சதவீதம் என்று இருக்கும். இவை தேர்வில் தேறும் மதிப்பெண்கள் அல்ல. ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களைப் பரிசோதித்து, அவர்களுள் கடைசி 5 சதவீதத்தினர் இருந்த இடத்தைக் கோடாகக் குறித்திருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தும் தந்தையானவர்கள் இருக்கிறார்கள், மேலே இருந்தும் ஆகாதவர்கள் இருக்கிறார்கள். இயல்பான வடிவம் 4 சதவீதம்தான் என்று பார்த்துவிட்டு மீதி 96 சதவீதமும் ஊனமா என்று என்னிடம் அழுதவர்கள் உண்டு. அது எல்லா ஆண்களுக்கும் பொதுவான நிலைதான், தம்பி.

பதில் 2: சிறுநீரியல் மருத்துவர், திருநெல்வேலி

ஐயா சொன்னவற்றில் மாற்ற எதுவும் இல்லை, அங்கிருந்தே தொடர்கிறேன். ஒரு மருத்துவர் உங்களை நேரில் பரிசோதிக்காமல் இணையத்தில் முடிவு சொல்வது முறையாகாது. முடிவை எதை வைத்து எடுக்கிறோம் என்பதை மட்டும் விளக்குகிறேன்.

நம் பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டும் விளம்பரங்கள் ஆண்மைக்குறைவு என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டுக் குழப்பிவிட்டன. விரைக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒருவகைச் செல்கள் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனைச் சுரக்கின்றன. நுண்குழல்களில் விந்தணுக்கள் உருவாகின்றன. முதல் வேலை செவ்வனே நடக்கும்போது இரண்டாவது மட்டும் குன்றலாம். உங்கள் நிலை அப்படித்தான் தோன்றுகிறது. குழந்தையில்லாத தம்பதியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் காரணத்தில் இருக்கிறது. ஆகவே கணவன், மனைவி இருவரையும் ஒரே நேரத்தில் பரிசோதிப்பதே சரியான நடைமுறை. உங்கள் மனைவிக்கு லேப்ராஸ்கோப்பி செய்வதற்கு முன்பே, சில நூறு ரூபாய்களில் முடிந்திருக்கக்கூடிய உங்கள் பரிசோதனையைச் செய்திருக்க வேண்டும். இது எனக்கு உண்மையாகவே வருத்தமளிக்கிறது. வாரந்தோறும் இதே வரிசையில்தான் தம்பதியர் என்னிடம் வருகிறார்கள்.

வேரிகோசீலை நரம்புச் சுருட்டல் என்று நம் ஊரில் சொன்னாலும், அது நரம்பு அன்று. விரையிலிருந்து இரத்தத்தைத் திருப்பி எடுத்துச் செல்லும் சிரைகள் வீங்கிப் புடைப்பதாகும். வலது பக்கச் சிரை பெருஞ்சிரையில் சாய்வாகச் சென்று சேர்கிறது. இடது பக்கச் சிரையோ நெடுந்தொலைவு மேலேறி, இடது சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய்ச் சேர்கிறது. அதன் வால்வுகள் தளர்ந்தால் இரத்தம் கீழே தேங்குகிறது. அதனால்தான் இந்த நோய் பெரும்பாலும் இடது பக்கத்திலேயே வருகிறது. வலது பக்கத்தில் மட்டும் திடீரென்று தோன்றினால், வயிற்றுக்குள் சிரையை ஏதோ அழுத்துகிறதோ என்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்.

விரைகள் உடல் வெப்பத்தைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைந்த வெப்பத்தில் வேலை செய்பவை. தேங்கிய இரத்தம் அந்தக் குளிர்ச்சியைக் கெடுக்கிறது என்பதே விந்தணுக்கள் குறைவதற்குப் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். நீங்கள் அல்வா அடுப்பின் முன் மணிக்கணக்கில் நிற்பது இதனோடு சேர்கிறது. பணியிட வெப்பத்துக்கும் விந்தணுக் குறைவுக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அடுப்பு ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கிண்டும் வேலையைச் சில மாதங்கள் பிறரிடம் ஒப்படைப்பதில் இழப்பு ஒன்றும் இல்லை.

பொதுவாக ஆண்களில் 15 சதவீதத்தினருக்கு வேரிகோசீல் இருக்கிறது. குழந்தையின்மைக்காக வருகிறவர்களில் 35 முதல் 40 சதவீதத்தினருக்கு இருக்கிறது. இருப்பவர் எல்லோருக்கும் அது தடையாவதில்லை. யாருக்கு அறுவை சிகிச்சை பயன்படும் என்பதில் ஒரு நீண்ட விவாதமே நடந்தது. 1952இல் எடின்பரோவில் டல்லோக் என்ற அறுவை மருத்துவர், விந்தணுவே இல்லாத ஒருவருக்கு வேரிகோசீலைச் சரிசெய்தபின் குழந்தை பிறந்ததைப் பதிவு செய்தார். அதன்பின் இந்த அறுவை சிகிச்சை உலகெங்கும் பரவியது. 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, இதனால் பயன் இல்லை என்றது. ஆனால் அந்தத் தொகுப்பில், ஸ்கேனில் மட்டும் தெரியும் மிகச் சிறிய வேரிகோசீல் உடையவர்களையும், விந்துப் பரிசோதனை இயல்பாக இருந்தவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டிருந்தார்கள். பசியில்லாதவர்களையும் பந்தியில் உட்காரவைத்து, உணவால் பயனில்லை என்று சொன்னதற்கு ஒப்பானது அது. கையால் தொட்டு உணரத்தக்க வேரிகோசீலும் விந்தணுக் குறைவும் சேர்ந்திருந்த 145 ஆண்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 32.9 சதவீதத்தினரின் மனைவியர் ஓராண்டுக்குள் இயற்கையாகக் கருவுற்றார்கள். செய்துகொள்ளாதவர்களில் அது 13.9 சதவீதமாக இருந்தது. இன்றைய வழிகாட்டுதல்களும் அப்படித்தான் சொல்கின்றன: தொட்டால் தெரிய வேண்டும், விந்துப் பரிசோதனை குறைந்திருக்க வேண்டும், தம்பதியர் குழந்தைக்காக முயன்றுகொண்டிருக்க வேண்டும். ஸ்கேனில் மட்டும் தெரிவதற்குக் கத்தியை எடுக்கக் கூடாது.

எனவே உங்கள் ஸ்கேன் அறிக்கையைவிட, ஒரு சிறுநீரியல் மருத்துவர் உங்களை நிற்கவைத்து, மூச்சை அடக்கி முக்கச் சொல்லிக் கையால் பார்ப்பதே முக்கியம். இரு விரைகளின் அளவு, விந்துக்குழாய் இருக்கிறதா, கட்டி ஏதேனும் தென்படுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். எஃப்எஸ்எச் (விந்தணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன் ஆகிய இரத்தப் பரிசோதனைகளைக் காலையில் எடுக்க வேண்டும். மறுபரிசோதனையில் எண்ணிக்கை 50 லட்சத்துக்குக் கீழே போனால் குரோமோசோம் பரிசோதனையும் தேவைப்படலாம்.

அறுவை சிகிச்சையை இப்போது நுண்ணோக்கியின் துணையோடு, இடுப்புமடிப்புக்குச் சற்றுக் கீழே சிறு கீறலில் செய்கிறோம். தமனியையும் நிணநாளங்களையும் காப்பாற்றிவிட்டு, வீங்கிய சிரைகளை மட்டும் கட்டிவிடுகிறோம். நிணநாளத்தைத் தவறிக் கட்டிவிட்டால் விரைப்பையில் நீர் சேரும். பழைய முறைகளில் இது அடிக்கடி நேர்ந்தது, நுண்ணோக்கி முறையில் அரிது. மீண்டும் வருவதும் குறைவு. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு விந்தணுக்கள் முன்னேறுகின்றன. மூன்று மாதங்களுக்கு முன் பலனை எதிர்பார்க்கக் கூடாது. ஆறு மாதங்கள் வரை பார்க்கலாம்.

இக்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. பெல்ஜியத்தில் 1992இல் வெற்றி கண்ட இந்த முறை, ஒரே ஒரு விந்தணுவைக் கருமுட்டைக்குள் செலுத்திக் கருவாக்குகிறது. அதற்கு முன்னால் வழியே இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட ஆண்களுக்கு அது வாழ்வு தந்தது. ஆனால் தினசரி ஊசிகளையும் மயக்க மருந்தில் முட்டை எடுப்பதையும் ஏற்கப்போவது உங்கள் மனைவியின் உடல். குறை உங்களிடம் இருந்து, அதைச் சரிசெய்ய வாய்ப்பும் இருக்கும்போது, முதலில் அதைச் சரிசெய்து பார்ப்பது நியாயம் என்பது என் கருத்து. இதற்கு ஒரே நிபந்தனை காலம். மனைவிக்கு 29 வயது; ஏஎம்எச் என்ற இரத்தப் பரிசோதனையில் சினைப்பையின் முட்டை இருப்பு நன்றாக இருந்தால் ஆறேழு மாதங்கள் பொறுக்கலாம். அவருக்கு 38 வயதாக இருந்திருந்தால் நானே இக்சிக்கு அனுப்பியிருப்பேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இக்சி தேவைப்பட்டால் அந்த வழி மூடிப்போவதில்லை.

மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் சேர்த்து 2,370 தம்பதியரிடம் நடத்திய பெரிய ஆய்வு 2020இல் வெளிவந்தது. விந்தணுக்களும் கூடவில்லை, குழந்தைப் பிறப்பும் கூடவில்லை. அதே ஆண்டில் வந்த, பல ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள்களைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த மற்றொரு ஆய்விலும் பயன் தெரியவில்லை. அந்த இரண்டாயிரம் ரூபாயைச் சேமித்து வையுங்கள். லேகியத்தில் என்ன இருக்கிறது என்று எழுதித் தராதவரை உண்ண வேண்டாம். சித்த மருத்துவத்தில் உங்கள் குடும்பத்துக்கு நம்பிக்கை இருக்குமானால், 1964 முதல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே பட்டம் பெற்ற மருத்துவரிடம் அதைக் காட்டிக் கேளுங்கள்.

ஹார்மோன் ஊசியை எக்காரணத்தைக் கொண்டும் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பதில் 3: வள்ளியூர்க்காரன்

அண்ணாச்சி, டாக்டர் கடைசி வரியில் சொன்னதைத்தான் நான் விரித்து எழுத வந்தேன். நான் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவன்.

வெளிநாட்டில் வேலை பார்த்தபோது உடற்பயிற்சிக் கூடத்தில் அறிமுகமான ஒருவர் சொன்னதை நம்பி, வாரம் ஓர் ஊசி வீதம் ஒன்றரை ஆண்டுகள் டெஸ்டோஸ்டிரோன் போட்டேன். உடல் திரண்டது, உற்சாகமும் கூடியது. உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே நினைத்தேன். ஊருக்கு வந்து திருமணம் செய்து, ஓராண்டு கழித்துப் பரிசோதித்தபோது விந்தணு ஒன்றுகூட இல்லை என்று அறிக்கை வந்தது. அன்று நான்குநேரி வரை பேருந்தில் வந்தவன், இறங்க மனமில்லாமல் அதே பேருந்திலேயே நாகர்கோவில் வரை போய்த் திரும்பினேன்.

என்னைப் பார்த்த மருத்துவர் அதன் காரணத்தைப் படம் வரைந்து விளக்கினார். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்பித்தான் விரையை வேலை வாங்குகிறது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்து இரத்தத்தில் நிறைந்ததும், ‘இனித் தேவையில்லை’ என்று சுரப்பி அந்த இரண்டையும் நிறுத்திவிடுகிறது. இரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் விரைக்குள்ளேயே ஊறினால்தான் விந்தணு உருவாகும். அந்த ஊற்று வற்றிவிடுகிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதே என்று பார்த்துவிட்டு மதகை அடைத்துவிட்டால் வயலுக்குள் எப்படிப் பாயும்? இந்த ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்து, 1990இல் முடிவுகளை வெளியிட்டிருக்கிறது என்றும், வாரந்தோறும் போட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு விந்தணுக்கள் முற்றிலும் மறைந்தன என்றும் அவர் சொன்னபோது நான் உறைந்துபோனேன். குழந்தை வேண்டும் என்கிறவருக்குக் கருத்தடை ஊசியைப் பரிந்துரைக்கிறார் உங்கள் நண்பர்.

ஊசியை நிறுத்தி, விரையை மீண்டும் வேலை செய்யத் தூண்டும் எச்சிஜி என்ற வேறு ஊசியை மருத்துவர் மேற்பார்வையில் போட்டேன். ஐந்தாம் மாதம் ஒன்றிரண்டு விந்தணுக்கள் தென்பட்டன; பதினொன்றாம் மாதம் எண்ணிக்கை கோட்டுக்கு மேலே வந்தது. இன்று என் மகனுக்கு இரண்டு வயதாகிறது. எல்லோருக்கும் இப்படி முழுமையாகத் திரும்பும் என்று உறுதி இல்லை என்பதையும் அவரே சொன்னார். இதைப் படிக்கும் இளைஞர்கள் யாரேனும் இப்போது போட்டுக்கொண்டிருந்தால், மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நான் முதல் இரண்டு மாதங்கள் மறைத்தேன். அந்த இரண்டு மாதங்களும் வேண்டாத பரிசோதனைகளிலேயே கழிந்தன.

பதில் 4: களக்காட்டு மதினி

தம்பி, நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு இக்சி முறையில்தான் மகள் பிறந்தாள். ஆனால் எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

என் கணவருக்கு விந்தணு இல்லை என்று வந்தபோது, முதலில் பார்த்த இடத்தில் உற்பத்தியே இல்லை, தானமாகப் பெறுவதுதான் வழி என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் அறிக்கையில் ஒரு சிறு எண்ணைச் சுட்டிக்காட்டினார்: விந்தின் மொத்த அளவே ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவு. பிறகு கையால் பரிசோதித்து, பிறவியிலேயே இரண்டு பக்கமும் விந்துக்குழாய் உருவாகவில்லை என்றார். விரைகளின் அளவும் எஃப்எஸ்எச்சும் இயல்பாக இருந்ததால் உற்பத்தி நடக்கிறது, வெளியே வரப் பாதைதான் இல்லை என்பது விளங்கியது. இந்தக் குறை உள்ளவர்களிடம் சிஎஃப்டிஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கக்கூடும், மனைவிக்கும் அது இருந்தால் குழந்தைக்கு நுரையீரலையும் கணையத்தையும் தாக்கும் நோய் வரலாம் என்பதால் எங்கள் இருவருக்கும் மரபணுப் பரிசோதனை செய்தார்கள். எனக்கு மாற்றம் இல்லை என்று தெரிந்த பிறகே, அவருடைய விரையின் மேலிருக்கும் பகுதியிலிருந்து ஊசியால் விந்தணுக்களை எடுத்து இக்சி செய்தார்கள்.

பத்து, பன்னிரண்டு நாட்கள் தினமும் வயிற்றில் ஊசி, இடையிடையே ஸ்கேன், பிறகு மயக்கம் கொடுத்து முட்டை எடுத்தல். முதல் முறை நிலைக்கவில்லை. வயிறு உப்பி, மூச்சுவிடச் சிரமப்பட்டு மூன்று நாட்கள் மருத்துவமனையில் இருந்தேன். இரண்டாம் முறை கிடைத்தவள்தான் மகள். எதற்காக இதைச் செய்கிறோம் என்ற காரணம் தெளிவாக இருந்ததால் என்னால் தாங்க முடிந்தது. உங்கள் மனைவிக்கும் அந்தத் தெளிவு கிடைக்க வேண்டும். நீங்கள் எழுதியதில் அம்மா சொன்னது இருக்கிறது, மையம் சொன்னது இருக்கிறது, நண்பர் சொன்னது இருக்கிறது. அவள் என்ன சொல்கிறாள் என்பது மட்டும் இல்லை. அறிக்கையை உங்கள் அம்மாவிடம் நீங்களே சொல்லிவிட்டீர்களா? ஐந்து ஆண்டுகளாக உறவுக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவள் அவள்தானே.

இக்சிக்குப் போவதென்று முடிவானால், செயற்கைக் கருத்தரிப்பு தொடர்பான 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும், இருவரின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்திடும் தாள்களை வீட்டுக்கு வாங்கி வந்து இருவரும் சேர்ந்து படித்த பிறகு கையெழுத்திடுங்கள்.

அம்பை வாசகர் (நான்கு மாதங்களுக்குப் பிறகு)

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நடந்தவற்றைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மதினி கேட்ட கேள்விக்கு அன்றிரவே பதில் தேடினேன். அறிக்கையை அம்மாவின் முன்னால் வைத்து, குறை என்னிடம் இருக்கிறது என்று சொன்னேன். அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு என் மனைவியை அழைத்து அருகில் உட்காரவைத்துக்கொண்டார். அந்த லேகியம் இப்போது வீட்டில் இல்லை.

ஐயா சொன்னபடி மூன்று மாதங்கள் கழித்து, பாளையங்கோட்டையில் என் சித்தி வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் கொண்டுபோய்க் கொடுத்து, மூன்று வார இடைவெளியில் இருமுறை பரிசோதித்தேன். எண்ணிக்கை முதல் முறை 90 லட்சம், இரண்டாம் முறை 1 கோடியே 10 லட்சம். அசைவு 31, 34 சதவீதம். இன்னும் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. ஆனால் நான் பயந்திருந்த 15 சதவீதம் அந்தப் பேருந்துப் பயணமும் பத்து நாள் விலகலும் காய்ச்சலும் சேர்ந்து தந்த கணக்கு என்று புரிந்துகொண்டேன். சிறுநீரியல் மருத்துவர் நிற்கவைத்துப் பார்த்தார். முக்காமலே கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இடது பக்கச் சிரைகள் புடைத்திருக்கின்றன, இடது விரை வலதைவிடச் சிறுத்திருக்கிறது என்றார். எஃப்எஸ்எச், டெஸ்டோஸ்டிரோன் இரண்டும் இயல்பு. மனைவியின் ஏஎம்எச் நன்றாக இருக்கிறது. அறுவை சிகிச்சை செய்துவிட்டு ஆறு மாதங்கள் பார்ப்பது, அப்போதும் கருவுறாவிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போவது என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். அவள் விருப்பமும் அதுவே.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் முடிந்த மறுவாரம் நாள் குறித்திருக்கிறார்கள். அல்வாக் கரண்டியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். நான் கடையின் முன்பக்கம் கல்லாவில் அமர்கிறேன். ஒரே ஒரு ஐயம்: அறுவை சிகிச்சைக்குப் பிறகு எத்தனை நாட்களில் கடைக்கு வரலாம், மாவு மூட்டையும் நெய் டின்னும் தூக்கலாம்?

சிறுநீரியல் மருத்துவர், திருநெல்வேலி

நல்ல முடிவு. பெரும்பாலும் மறுநாளே வீடு திரும்பலாம். ஒரு வாரத்துக்குள் கல்லாவில் அமரலாம். மூட்டை, டின், உருளி எதையும் நான்கு வாரங்களுக்குத் தூக்க வேண்டாம். முதல் சில நாட்கள் விரைப்பையைத் தாங்கும் உள்ளாடை அணியுங்கள். காய்ச்சலோ, கீறலில் சீழோ, கூடிக்கொண்டே போகும் வீக்கமோ தெரிந்தால் காத்திருக்காமல் உங்களுக்கு அறுவை செய்த மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் விந்துப் பரிசோதனை மூன்றாம் மாத முடிவில். அந்த மாதிரியையும் சித்தி வீட்டிலிருந்தே கொண்டு செல்லுங்கள்.